வடசென்னையில் ‘டி.வி. தயாரிப்புப் பயிற்சி’ என்று பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்திற்கு

ஆறு மாதத்தில் தொலைக்காட்சித் தயாரிப்புப் பயிற்சி, முடித்தவுடன் முன்னணி சேனலில் நூறு சதவீத வேலை, ஒரே ஆண்டில் புரொட்யூசர் பதவி என்று பெரம்பூர், வியாசர்பாடி, மூலக்கடை வட்டாரத்தில் கம்பத்துக்குக் கம்பம் தட்டி கட்டியிருந்த ஒரு தனியார் நிறுவனத்தில் 65,000 ரூபாய் கட்டி நான் ஏமாற்றப்பட்டேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. பலகையை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாரம் போதும். அவர்கள் செயல்படும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

இந்த வலை வடசென்னையில் எளிதாக விழுவதற்குக் காரணம் இருக்கிறது. சின்னத்திரைத் தொழில் பெரும்பாலும் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர், பூந்தமல்லி என்று நகரின் மேற்குப் பக்கத்திலேயே அடங்கிவிடுகிறது. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ வளர்ந்த ஒருவருக்கு அங்கே அறிமுகம் இருப்பது அரிது. நம் பகுதிக்குக் கேமரா வருவதென்றால் காசிமேடு துறைமுகத்தையோ பின்னி மில்லையோ சண்டைக் காட்சிக்குப் பின்னணியாக வைத்துக்கொள்ள வரும். வந்த வேகத்தில் போய்விடும். “சாலிகிராமத்துல ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்க வேணாம் தம்பி, நாங்களே கூட்டிட்டுப் போய் உள்ள உக்கார வைக்கிறோம்” என்று சேர்க்கையின்போது பொறுப்பாளர் சொன்னார். உட்கார வைத்தார்கள் என்பது உண்மைதான். எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வரவேற்பறையில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற வாசகத்துக்குக் கீழே அரசு முத்திரையுடன் ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் வைத்துத் தொழில் செய்கிற எவரும் தம் தொழிலைப் பற்றித் தாமே அறிவித்து, இணையத்தில் கட்டணமின்றி அதைப் பெறலாம். பாடத்திட்டம் என்ன, நடத்துபவரின் தகுதி என்ன என்று அதற்காக எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. மாவு மில்லுக்கும் அதே பதிவுதான். இப்படிப்பட்ட சான்றிதழைச் சுவரில் பார்த்தால், பாடத்திட்டத்தை அங்கீகரித்த பல்கலைக்கழகம் எது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

வகுப்புகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பழைய கேமரா ஒன்று, கூட்டமாகச் சுற்றி நின்று பார்க்கும் மாணவர்கள், பாதி நாள் வராத ஆசிரியர். ஒரு தொடரின் படப்பிடிப்பில் புதிதாகச் சேரும் உதவி இயக்குநருக்கு உண்மையில் என்ன வேலை இருக்கும் என்பதை அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. காட்சி முடியும்போது நடிகையின் கையில் எத்தனை வளையல் இருந்தது, முந்தானை எந்தத் தோளில் கிடந்தது, மேசைமேல் தம்ளர் எங்கே இருந்தது என்று, அடுத்த ஷாட்டிலும் அது மாறாமல் இருக்க, கன்டினியூட்டி பார்த்துக் குறித்து வைப்பது, நடிகர்களுக்கு வசனத்தை எடுத்துக் கொடுத்துப் பிராம்ப்ட் செய்வது, எந்த டேக் ஓகே என்பதை எடிட்டருக்கு எழுதி அனுப்புவது ஆகியவைதான் ஆரம்பப் படிகள். இவற்றில் தேறியவர்தான் அசோசியேட், கோ-டைரக்டர் என்று மேலே போகிறார். சேனலுக்குள் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்து தயாரிப்பு உதவியாளராகத் தொடங்குவது ஒரு பாதை என்றும், சேனலுக்குத் தொடர் எடுத்துக் கொடுக்கும் கம்பெனியில் பேட்டா என்னும் நாள்படிக்கு வேலை செய்வது வேறொரு பாதை என்றும்கூட அந்த நிறுவனம் எங்களுக்கு விளக்கவில்லை.

அதற்குப் பதிலாக ‘லைவ் எக்ஸ்போஷர்’ என்று ஒன்று இருந்தது. விடியற்காலையில் பெரம்பூரிலிருந்து வேனில் ஏற்றி, பூந்தமல்லி தாண்டி ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றார்கள். கோடு போட்ட சட்டை வேண்டாம், பளிச்சென்ற நிறத்தில் வாருங்கள் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தார்கள். எங்களை உட்கார வைத்தது பார்வையாளர் வரிசையில். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே ஃப்ளோர் மேனேஜர் கையை உயர்த்தும்போதெல்லாம் கைதட்டச் சொல்லியும், சிரிக்கச் சொல்லியும், ஆச்சரியப்படச் சொல்லியும் தனியாகப் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எடிட்டில் வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்வதற்காம். கன்ட்ரோல் ரூம் கதவைத் தாண்டிக்கூட எங்களை விடவில்லை. இரவு வேனில் ஏறும் நேரத்தில், ஆடியன்ஸ் கோ-ஆர்டினேட்டர் எங்களுடன் வந்திருந்த நிறுவனத்து ஆளிடம் தலையை எண்ணிப் பணம் கொடுத்ததை நாங்கள் பார்த்தோம். பார்வையாளராக வருபவருக்குத் தரும் பேட்டா அது. கேட்டதற்கு “அது ஸ்டூடியோ சார்ஜ்” என்று பதில் வந்தது. பயிற்சிக் கட்டணத்தை எங்களிடம் வாங்கிக்கொண்டு, எங்கள் தலைக்கான கூலியையும் வேறிடத்தில் வாங்கியிருக்கிறார்கள். பணம் போனதைவிட எனக்கு உறுத்துவது இதுதான்.

படிப்பு முடியும் தறுவாயில் அடுத்த வசூல் தொடங்கியது. சங்க உறுப்பினர் அட்டை இல்லாமல் எந்த யூனிட்டும் உள்ளே விடாது, 40,000 ரூபாய் தந்தால் ‘மேலிடத்தில் பேசி’ வாங்கித் தருவோம் என்றார்கள். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகமும் தனி விதிகளும் உண்டு. எந்தப் பிரிவில் வேலை செய்ய விரும்புகிறீர்களோ அந்தச் சங்க அலுவலகத்துக்கே போய் விதிகளைக் கேட்டு, கட்ட வேண்டியதை அங்கேயே கட்டி ரசீது வாங்குங்கள். நடுவில் ஓர் ஆள் தேவையில்லை. என்னோடு படித்தவர்களில் சிலர் அந்த 40,000 ரூபாயையும் கொடுத்தார்கள், அட்டை வரவில்லை.

வேலை எங்கே என்று கேட்கப் போனபோது, கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டி, ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற பொடி எழுத்து வரியைப் படித்துக் காட்டினார்கள். எங்களுக்குத் தந்த ரசீதிலும் பயிற்சிக் கட்டணம் என்று இல்லாமல் ‘பாடப் பொருள்கள்’ என்றே எழுதியிருந்தார்கள். ஆனால் நூறு சதவீத வேலை என்று அச்சடித்த துண்டறிக்கையும், வங்கிக் கணக்கில் பணம் சென்ற விவரமும், பொறுப்பாளரின் வாட்ஸ்அப் செய்திகளும் எங்களிடம் இருந்தன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். அதற்கு நிறுவனம் மழுப்பலான பதில் தரவே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடவும் செய்யலாம்.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்குத் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1945இல் தோன்றிய பழைய நிறுவனம் அது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு எல்லாம் பல்கலைக்கழகப் பட்டத்துடன் நான்காண்டுப் படிப்புகள். இடங்கள் குறைவு, அதனால் போட்டி உண்டு. அதற்கு வழியில்லாதவர்கள் நேராகத் தயாரிப்பு அலுவலகங்களில் கேட்கலாம். நான் இப்போது ஒரு தொடரில் உதவி இயக்குநராக இருப்பது, கொடுங்கையூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் லைட்மேன் அண்ணன் ஒருவர் அழைத்துப்போய் அறிமுகம் செய்ததால்தான். முதல் சில வாரங்கள் சாப்பாடும் வழிச்செலவும் மட்டுமே கிடைத்தன, ஆனால் யாரும் என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அதே ஆட்கள் இப்போது கொளத்தூர் பக்கம் வேறு பெயரில், ‘ஓ.டி.டி. தயாரிப்பு’ என்று புதிய தட்டி வைத்திருக்கிறார்கள். துண்டறிக்கையில் இருப்பவை எங்கள் வகுப்பில் எடுத்த அதே படங்கள். முந்தைய அணிகளில் பணம் கட்டியவர்கள் ரசீதையும் துண்டறிக்கையையும் தேடி எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் வரம்பு. நமக்கு முன்னால் படித்தவர்கள் பலருக்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டது.