அம்மாவுக்குப் பட்டன் போனா, டச் போனா?

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா பக்கம் நண்பர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: ஊரில் இருக்கும் அம்மாவுக்கு எந்தப் போன் வாங்கிக் கொடுப்பது?

பட்டன் போனை ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் ஓடும். வாசலில் விழுந்தாலும் துடைத்துவிட்டுப் பேசலாம். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. பழைய பட்டன் போன் 2ஜியில்தான் ஓடும் என்பதால் இங்கே அது வெறும் டார்ச் லைட்தான். ஊரில் ஏர்டெல், பிஎஸ்என்எல்லில் இன்னும் 2ஜி உண்டு. ஜியோவில் அது கிடையவே கிடையாது, அந்த சிம் என்றால் 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்க வேண்டும். டேட்டா இல்லாமல், பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் பேக் தர வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டதால் ரீசார்ஜிலும் வீண் செலவில்லை. செலவெல்லாம் நம் பக்கம்: அம்மா மிஸ்டு கால் விடுவார், நாம் ஐடிடியில், அதாவது வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தில், திருப்பி அழைக்க வேண்டும்.

டச் போனில் அந்தக் காசு மிச்சம், வாட்ஸ்அப் வீடியோவில் முகமும் பார்க்கலாம். டவர் சரியில்லாவிட்டால் பாதி முகம்தான், அது வேறு கதை. எனக்குப் பயம் ஓடிபி கேட்டு வரும் மோசடி அழைப்புகள்தான். அப்புறம், அழைப்பை எடுப்பதாக நினைத்து அம்மா கட் பண்ணிவிடுவார்!

சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒரு பேரப்பிள்ளை இருந்தால் டச் போன். தனியாக இருக்கிறார் என்றால் யோசிக்காமல் பட்டன் போன்.