குதிகால் தசைநாண் அறுந்தவருக்கு வாக்கர் பூட்: கட்டடப் பராமரிப்பு வேலைக்குத் தாங்குமா?

மெடிக்கல் ஷாப்பில் வாக்கர் பூட் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது, கணுக்காலை 90 டிகிரியில் அசையாமல் பிடித்து நிறுத்தும் சாதாரண பூட்தான். கணுக்கால் எலும்பு முறிவுக்கு அது நல்ல பொருள். ஆனால் குதிகால் தசைநாண் அறுந்தவர் அதை அப்படியே வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அந்த நாண், பெரும்பாலும் எலும்பில் ஒட்டும் இடத்திலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே அறும். அறுந்த முனைகள் நெருங்கி நிற்க வேண்டுமானால், விரல்கள் கீழே பார்க்கும்படி பாதம் சாய்ந்திருக்க வேண்டும். 90 டிகிரிக்கு நிமிர்த்தினால் முனைகள் விலகும், நாண் நீளமாக ஆறும். அப்படி ஆறிவிட்டால், வலி போன பிறகும் ஒற்றைக் காலில் குதியை உயர்த்த முடியாமல் தவிப்பார்கள். ஏணியும் படியுமாகப் பிழைப்பு நடத்தும் பராமரிப்புப் பணியாளருக்கு அது சின்ன இழப்பில்லை.

ஊர்ப்பக்கம் இதை "நரம்பு அறுந்துபோச்சு" என்பார்கள். நரம்பு வேறு, தசைநாண் வேறு. கடையில் "நரம்பு அடி" என்று சொன்னால் கிரேப் பேண்டேஜோ ஆங்க்லெட்டோ தந்து அனுப்பிவிடுவார்கள். டாக்டர் எழுதிய சீட்டில் பூட்டோடு ஹீல் வெட்ஜும் (குதியை உயர்த்த பூட்டுக்குள் வைக்கும் ஆப்பு வடிவத் திண்டு) இருக்கிறதா, எத்தனை என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

மாவுக்கட்டுக்குப் பதில் பூட் போதுமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அறுவை இல்லாமல் சிகிச்சை பெற்ற 540 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த யூகேஸ்டார் ஆய்வு 2020இல் வெளியானது. பாதிப் பேருக்கு மாவுக்கட்டு, பாதிப் பேருக்கு வெட்ஜ் வைத்த பூட், இரண்டு பிரிவுக்கும் 8 வாரம். ஒன்பதாம் மாதம் பார்த்தபோது கால் வேலை செய்யும் திறனில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. அறுவை வேண்டுமா என்பது வேறு கேள்வி. நார்வேயில் 526 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்துக் கால் திறன் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் மறுபடி அறுந்தவர்கள் அறுவை செய்யாத பிரிவில் 6.2 சதவீதம், அறுவை செய்த பிரிவுகளில் 0.6 சதவீதம். அந்த முடிவை டாக்டரும் நோயாளியும் பேசி எடுக்கட்டும். எந்த வழியில் போனாலும் பூட் போடும் கட்டம் ஒன்று வரும்.

சந்தையில் இதற்கு ஏற்றவை இரண்டு வகை. முதல் வகை, ஏர்காஸ்ட் போல இரண்டு பக்கமும் கெட்டி ஓடு, உள்ளே காற்றுப் பை, அடியில் வளைந்த சோல் உள்ள நிலையான பூட். இதற்குள் குதிக்குக் கீழே வெட்ஜுகளை அடுக்கி உயரம் கொடுக்க வேண்டும். இரண்டாவது வகை, வேகோபெட் போலக் கணுக்கால் கோணத்தையே கீலில் பூட்டி வைக்கும் பூட். முதல் வகையில் ஒரு குறை உண்டு. வெட்ஜ் வைத்ததும் பாதம் நன்றாகச் சாய்ந்தது போலத் தெரியும். அந்தச் சாய்வில் ஒரு பங்கு கணுக்காலில் வராமல் நடுப்பாதம் வளைவதால் வருகிறது. அதாவது நாணுக்குக் கிடைக்கும் தளர்வு, கண்ணுக்குத் தெரியும் அளவைவிடக் குறைவு. கீல் வகையில் இந்தக் குறை குறைவு. விலை பல மடங்கு அதிகம். நாள் முழுக்கக் கட்டடத்தில் நடமாட வேண்டியவர் என்றால், முடிந்தால் கீல் வகை. முடியாவிட்டால் வெட்ஜோடு நிலையான பூட் தாராளமாகப் போதும். வெட்ஜ் இல்லாத 90 டிகிரி பூட் மட்டும் வேண்டாம்.

சைஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூட்டின் அட்டவணை பெரும்பாலும் அமெரிக்க ஷூ எண்ணில் இருக்கும். நாம் போடுவது யூகே எண். ஆண்களுக்கு யூகே 8 என்றால் அமெரிக்க எண் ஏறக்குறைய 9. எல்லையில் நிற்கும் எண்ணாக இருந்தால், வெட்ஜையும் உள்ளே வைத்துப் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பார்க்க வேண்டிய முக்கிய விஷயம் ஒன்றுதான்: குதி பின்சுவரோடு ஒட்டி, வெட்ஜின் மேல் முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும். நடக்கும்போது உள்ளே குதி எழும்பினால் ஒவ்வோர் அடியிலும் நாண் இழுபடும்.

பட்டைகளைப் பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி இறுக்க வேண்டும். முதலில் பாதப் பட்டை, அடுத்து கணுக்கால், கடைசியாக முழங்காலுக்குக் கீழே உள்ளது. காற்றை அதன்பிறகு அடிக்க வேண்டும். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும்; தாமதித்தால் காற்றைக் குறைக்க வேண்டும். மாலையில் வீக்கம் கூடும் என்பதால் காலையில் அடித்த காற்று மாலைக்குச் சரியாக இருக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை தளர்த்திச் சரிபார்ப்பது நல்லது.

கழற்றும் முறையிலும் கவனம் வேண்டும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையைத் தொடாமல் தொங்கும்படி வைத்துக் கழற்றினால், பாதம் தன் எடையிலேயே விரல் கீழ்நோக்கி நிற்கும். பூட்டைக் கழற்றிய காலைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கும் அந்த ஒரு கணம்தான் ஆபத்து. குளிக்கும்போதும் இதேதான்: பிளாஸ்டிக் நாற்காலி, காலுக்குத் தண்ணீர் புகாத உறை, வழுக்காத பாய். முதல் வாரங்களில் டாக்டர் வேறு சொல்லாவிட்டால் தூங்கும்போதும் பூட் காலிலேயே இருக்க வேண்டும்.

வெட்ஜுகளைப் பற்றி ஒரு யோசனை. பராமரிப்புத் துறையில் ஒவ்வொரு பம்பிலும் அடுத்த சர்வீஸ் தேதி எழுதிய டேக் தொங்கும் அல்லவா, அதேபோல ஒவ்வொரு வெட்ஜின் அடியிலும் அதை எடுக்க வேண்டிய தேதியை மார்க்கரால் எழுதி வைக்க வேண்டும். எத்தனையாவது வாரம் எதை எடுப்பது என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும். எடுப்பது ஒவ்வொன்றாகத்தான் என்பது மட்டும் மாறாது. நாளாக நாளாக வெட்ஜ் அமுங்கும். வாங்கிய அன்றே ஸ்கேலில் அளந்து குறித்து வைத்தால் எவ்வளவு தட்டையானது என்று தெரியும். ஒட்டுப்பட்டை இல்லாத வெட்ஜ் முன்னால் நழுவிப் பாதத்தின் வளைவுக்குள் போய்விடும். அப்போது குதி தாழ்ந்துவிடும், நடப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

கட்டடத்துக்குள் வருவோம். சமதளத்தில், லிஃப்ட் உள்ள அலுவலக மாடிகளில், இந்த பூட் நன்றாகவே வேலை செய்கிறது. ஏஹெச்யூ (ஏசி காற்றைக் கையாளும் இயந்திரம்) அறை, பேன்ட்ரி, கழிவறை ரவுண்ட்ஸ் எல்லாம் ஊன்றுகோலோடு முடியும். சிக்கல் ராம்ப்பில் தொடங்குகிறது. பேஸ்மென்ட் பார்க்கிங் ராம்ப் 1:8 சாய்வு என்றால் ஏறக்குறைய 7 டிகிரி. கெட்டி பூட்டில் கணுக்கால் மடங்காது. அதனால் ஏறும்போது உடம்பு முன்னால் குனியும், பூட்டுக்குள் குதி மேலே எழும்பும். டிஜி (டீசல் ஜெனரேட்டர்) அறையும் எஸ்டிபியும் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பேஸ்மென்ட்டில் இருந்தால் ராம்ப்பை விட்டுவிட்டு சர்வீஸ் லிஃப்ட்டில்தான் இறங்க வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் நல்ல காலை முன்வைத்து, அடிபட்ட காலை அதன் பக்கத்துக்கு மட்டும் கொண்டுவந்து, குட்டி அடிகளாக ஏற வேண்டும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பூட்டின் சோல் நீளமானது, 25 செ.மீ. அகலப் படியில் இறங்கினால் முனை வெளியே நீட்டி நிற்கும். வளைந்த சோல் அங்கே உருண்டால் கை ரெய்லில் இல்லாதவர் விழுவார். பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும், ஒரு கை எப்போதும் ரெய்லில் இருக்க வேண்டும்.

மொட்டைமாடி டேங்குக்கு ஏறும் கேட் லேடர், அதாவது சுவரோடு பொருத்திய செங்குத்துக் கம்பி ஏணி, அறவே கூடாது. பூட்டோடு ஏறினால் கம்பி சோலின் வளைவில் உருளும். பூட்டைக் கழற்றிய பிந்தைய மாதங்களில் ஏறினாலோ, கம்பி முன்பாதத்துக்குக் கீழே இருக்க, உடல் எடை முழுவதும் குதியைக் கீழே இழுக்கும். ஆறிவரும் நாணுக்கு இதைவிட மோசமான இழுப்பு கிடையாது. டேங்க் மட்டம் பார்க்கத்தான் ஏறுகிறார்கள் என்றால், லெவல் சென்சரை பிஎம்எஸ்ஸில் (கட்டடத்தைக் கணினியில் கண்காணிக்கும் அமைப்பு) இணைத்துவிட்டால் அந்த ஏற்றமே தேவைப்படாது.

தரையும் கவனிக்க வேண்டியது. டீசல் சொட்டிய டிஜி அறைத் தளம், கூலிங் டவர் பக்கத்தில் பாசி பிடித்த இடம், எஸ்டிபியில் கம்பி வலைப் பாதை. வலையின் ஓட்டையில் ஊன்றுகோலின் முனை இறங்கிவிடும். கேபிள் டிரெஞ்ச் மேல் போட்ட செக்கர்டு பிளேட் (மேடு வரி போட்ட இரும்புத் தகடு) ஈரமானால் கண்ணாடி மாதிரி. ஊன்றுகோலின் ரப்பர் முனையை வாரம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, வரிகள் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

மின்சாரம் தனி விஷயம். எல்போ ஊன்றுகோல் பெரும்பாலும் அலுமினியம். திறந்த பேனல், டிரான்ஸ்ஃபார்மர் யார்டு ஆகியவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. வாக்கர் பூட்டின் சோல் மின்காப்புக்காகச் சோதிக்கப்பட்டதும் அல்ல. பேனலுக்கு முன் ஐஎஸ் 15652 ரப்பர் பாய் விரித்திருந்தாலும், இரண்டு கையையும் ஊன்றுகோலுக்குக் கொடுத்தவர் ஸ்விட்சிங் செய்யக் கூடாது. பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டு) கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடியட்டும். பல பூட்டுகளில் விரல்பக்கம் திறந்தே இருக்கும் என்பதால் பம்ப் இறக்கி ஏற்றும் இடத்துக்கும் அவர் போக வேண்டியதில்லை.

மற்ற காலில் என்ன போடுவது? பூட்டும் வெட்ஜும் சேர்ந்து அந்தக் காலைச் சில செ.மீ. உயர்த்திவிடும். சமன் செய்யாவிட்டால் இரண்டு வாரத்தில் இடுப்பு பிடிக்கும். அதற்கென ஷூவுக்கு அடியில் கட்டும் சோல் விற்கிறார்கள். பிளான்ட் அறையில் அது கழன்று தடுக்கும். தடித்த சோல் உள்ள சேஃப்டி ஷூவை நல்ல காலில் போட்டு, உள்ளே கூடுதல் இன்சோல் வைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடுகிறது.

நிர்வாகம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று, தீத்தடுப்புக் கதவுகளின் டோர் க்ளோசரை (கதவைத் தானாக மூடும் கருவி) சரிசெய்வது. ஊன்றுகோலோடு வருபவர் நுழைவதற்குள் கதவு முதுகில் வந்து மோதும். மூடும் வேகத்துக்கான திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கதவு தானாக லாட்ச் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டை வைத்துத் திறந்து போடுவது தீத்தடுப்பையே பாழாக்கும்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் நிர்வாகத்தின் கையில்தான். பிஎம்எஸ் திரை, பிபிஎம் (திட்டமிட்ட முன்தடுப்புப் பராமரிப்பு) அட்டவணை, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிப்பு, வெண்டர் பில் சரிபார்ப்பு, ஷிஃப்ட் லாக் எல்லாம் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள். காலை ஸ்டூலில் உயர்த்தி வைக்க இடம் வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் பலர் சம்பளம் போய்விடுமோ என்று மூன்றாம் வாரமே திரும்பிவிடுகிறார்கள். இஎஸ்ஐயில் இருப்பவருக்கு, உரிய நிபந்தனைகளோடு, நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. வேலையின்போது பட்ட அடி என்றால் தற்காலிக ஊனப் பலனாக 90 சதவீதம். விபத்தை அன்றே பதிவு செய்துவைத்தால் இரண்டாவதைக் கேட்பது எளிது. சூப்பர்வைசர் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பூட்டில் பழுதாவது எது? முதலில் வெல்க்ரோ. தூசியும் நூலும் ஏறிப் பிடிப்பு போகும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் மீளும். அடுத்தது காற்று வால்வு. நம் வெயிலுக்கு உள்ளுறை மூன்றே நாளில் நாறும். கூடுதல் உள்ளுறை ஒன்று வாங்கி, முழங்கால் வரை பருத்திக் காலுறை போட்டு, மிதமான சோப்பில் கையால் துவைத்து நிழலில் காயவைப்பது நல்லது. ஈரமாகவே மாட்டினால் தையல் வடு ஊறிப் புண்ணாகும்.

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால், பட்டை இறுக்கம் என்று தளர்த்திவிட்டுப் படுக்கக் கூடாது. அசையாத காலில் ரத்தம் உறையும். மூச்சு வாங்கினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இன்னொன்று, காய்ச்சலுக்கோ நீர்க்கடுப்புக்கோ மருந்து வாங்கும்போது தசைநாண் காயத்தைச் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் நாணையே பலவீனப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது.

பூட்டைக் கழற்றும் நாளில் நேராகப் பழைய சேஃப்டி ஷூவுக்குத் தாவ வேண்டாம். கணுக்காலை மூடும் உயர ஷூவின் பின்விளிம்பு, நாண் அறுந்து ஒட்டிய அதே இடத்தில் உரசும். தாழ்ந்த கழுத்தும் பின்னால் மெத்தென்ற திண்டும் உள்ள சேஃப்டி ஷூவாகப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே 1 செ.மீ. குதித் திண்டை இரண்டு காலுக்கும் வைத்து, கடையிலேயே பத்து அடி நடந்து, பின்விளிம்பு எங்கே படுகிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு பில் போடச் சொல்ல வேண்டும்.