கடைமடைக்கு வந்துருச்சா?

உசிலம்பட்டி ஸ்டேஷனில் காலை ஒன்பது மணிவாக்கில் இறங்கினேன். மதுரையில் ஏறியதிலிருந்து எதிர் ஜன்னலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நாகமலையை ஒட்டி வண்டி போகும்போது என் பெட்டியில் தொங்கிய விமானச் சீட்டைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருத்தா?" என்று ஆரம்பித்தார். அவர் ஆண்டிபட்டி. மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். "பஸ்ஸுல போனா இடுப்பு விட்டுப்போகும். ரயிலு வந்ததுலருந்து வாரம் ஒருக்கா பேத்தியப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். உசிலம்பட்டியில் என் பெட்டியை இறக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

இந்த ரயில் எனக்கு வெறும் ரயில் இல்லை. 1928-ல் போட்ட மதுரை–போடி பாதை அது. மீட்டர்கேஜ் வண்டியில் ஏறித்தான் மதுரையில் கல்லூரிப் படிப்பை முடித்தேன். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் கடைசியோடு வண்டியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நான் ஊருக்கு வந்த ஒவ்வொரு தடவையும் தண்டவாளம் இல்லாத ஜல்லி மேட்டைத்தான் பார்த்தேன். அப்பா இறந்ததும் அந்த வருடங்களில்தான். கடைசி மூன்று மாதம் மதுரை ஆஸ்பத்திரிக்கு அவரைப் பஸ்ஸில் அழைத்துப் போய் வந்ததாக அம்மா இன்றைக்கும் சொல்வாள். 2022 மே 26-ல் தேனி வரை 75 கி.மீ. திறந்தது. 2023 ஜூனில் போடி வரை போனது. சென்னையிலிருந்தே போடிக்கு வாரம் மூன்று நாள் வண்டி இருக்கிறது. திறந்த அன்று சிங்கப்பூரில் போனில் வீடியோ பார்த்து அழுதேன். இந்தத் தைப் பொங்கலுக்குத்தான் ஏறிப் பார்க்க வாய்த்தது.

ஸ்டேஷனில் இறங்கியதும் கதை மாறிவிட்டது. எங்கள் ஊர் அங்கிருந்து ஆறு கி.மீ. உள்ளே. டவுன் பஸ் நாளைக்கு மூன்று நடை. காலை நடை ரயில் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே கிளம்பிப் போய்விடுகிறது, அடுத்தது மத்தியானம்தான். ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டை விட்டு இறங்காது. தனி ஆட்டோவுக்குக் கொடுத்த காசு, மதுரையிலிருந்து வந்த ரயில் டிக்கெட்டைப் போல் பல மடங்கு. எனக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் என்னோடு இறங்கிய நான்கைந்து பெண்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். 2021 மேயிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் நூறு நாள் வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்தப் பஸ்ஸை இருபது நிமிடம் தள்ளி எடுத்தால் ரயிலின் பலன் ஊருக்குள் வந்துவிடும். புதுப் பஸ் கேட்கவில்லை, புது ரோடு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சின்னையாவிடம் இதைச் சொன்னேன். எழுபத்திரண்டு வயது, இன்றைக்கும் வயலுக்குப் போகிறவர். சிரிக்காமல் சொன்னார்: "தலைமடைக்குத் தண்ணி வந்தத எல்லாரும் பாத்து மால போடுவாங்கத்தா. கடைமடைக்கு வந்துருச்சான்னு பாக்கத்தான் ஆளு வேணும்." அடுத்த பதினெட்டு நாளும் எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியோடுதான் பார்த்தேன்.

மதுரையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஓர் இரவுதான் தங்கினேன். 2024 அக்டோபரிலிருந்து மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. தங்கை வீடு நத்தம் ரோட்டுப் பக்கம்; 2023-ல் திறந்த 7.3 கி.மீ. மேம்பாலத்தில் ஏறியதும் தல்லாகுளத்து நெரிசல் காலுக்குக் கீழே போய்விட்டது. அதே ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். வாசலில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ, 32 கி.மீ., அந்தத் திட்டம் மட்டும் 2025 நவம்பரில் மத்திய அரசிடமிருந்து ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்துவிட்டது. மதுரைக்காரர்கள் அதைச் சொல்லும்போது குரல் கம்முகிறது.

இனி தண்ணீர். பதினெட்டு நாளும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. சின்ன வயதில் நானும் தம்பியும் விடிகாலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதன் மேலேயே தூங்கியிருக்கிறோம். அந்தப் பைப்படி இன்று கோலம் போடுகிற இடமாகிவிட்டது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீட்டுக்குள் வர வேண்டும் என்கிறது. மேல்நிலைத் தொட்டி புதிது, குழாய் புதிது. தொட்டியில் வைகைத் தண்ணீரும் ஏறுகிறது.

எங்கள் வீடு தெருவின் கடைசி. நான் இருந்தபோது நான்கு நாளைக்கு ஒருமுறை, அதுவும் அரை மணி நேரம், நூல் மாதிரி வந்தது. காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. தண்ணீர் திறந்ததும் மேலத் தெருவில் உர்ரென்று சத்தம் கேட்கும். வீட்டு இணைப்பில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சி மாடித் தொட்டியில் ஏற்றுகிறார்கள். குழாய்க்குள் இருக்கிற அழுத்தம் அத்தனையும் முதல் இருபது வீட்டிலேயே போய்விடுகிறது. மீதி வீடுகளுக்குக் காற்றுதான். இதில் அபாயமும் இருக்கிறது: உள்ளே அழுத்தம் குறைந்த குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அம்மா இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறாள். "மொத ரெண்டு கொடம் பாத்திரம் வெளக்கத்தான் பாப்பா, குடிக்கப் பிடிக்காத" என்பாள்.

அந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் எப்போது வரும் என்று தெரியாது. வருகிறபோது பிடித்து வைத்தால்தான் உண்டு. நேரம் தெரியாத தண்ணீர் எல்லாரையும் பதுக்க வைக்கிறது.

தண்ணீர் திறந்துவிடுகிற இளைஞரிடம் பேசினேன். ஒரு தொட்டி, ஒரு வால்வு, மூன்று தெரு. "தனித்தனி வால்வு போட்டா, கடைசித் தெருவுக்கு மொத ஒரு மணி நேரம் விட்டுட்டு அப்புறம் மேல விடலாம்க்கா" என்றார். இது எங்கள் கண்மாயில் மடைக்காரர் காலம் காலமாகச் செய்து வந்த காரியம். வறட்சி வருடத்தில் முறை வைத்து, கடைசி வயலுக்கும் பங்கு போய்ச் சேரும்படி மடை திறப்பார்கள். குழாய் வந்ததும் அந்த முறையை மறந்துவிட்டோம். பொங்கல் முடிந்து ஊர்க் கூட்டத்தில் சின்னையா எழுந்து பேசினார். வால்வுக்கும் குழி தோண்டுவதற்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை நானும் என் சிங்கப்பூர் நண்பர்கள் மூவரும் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். ஆனால் மோட்டாரைக் கழற்றுவது ஊர் எடுக்க வேண்டிய முடிவு. அது காசில் முடியாது.

கரண்ட் விஷயத்தில் எனக்கு இரட்டை மனசு. தம்பி குடும்பம் அம்மாவோடு இருக்கிறது. கோடையில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டைத் தாண்டும். அதனால் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் என்று வைத்தால், நல்ல வெயிலில் பன்னிரண்டு யூனிட் கிடைக்கிறது. இணைப்பு அப்பா பெயரிலேயே கிடந்ததால் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றிய பிறகுதான் விண்ணப்பமே போட முடிந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊர் வீட்டுக்குச் சோலார் நினைத்தால் முதலில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

அம்மாவுக்கு ஒரு வருத்தம். "வெயிலு கொளுத்துது, மேல அம்புட்டு கண்ணாடி மினுங்குது, கரண்ட் போனா ஃபேனும் நின்னுபோகுது. அப்புறம் எதுக்குப் பாப்பா இது?" நியாயமான கேள்வி. போடும்போது யாரும் அவளுக்கு விளக்கவில்லை. சோலார் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற இந்த வகை இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். லைன்மேன் போஸ்ட்டில் ஏறி நிற்கும்போது எங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால் லைன் போன நொடியே தானாக அணைந்துகொள்ளும். பாட்டரியோடு சேர்ந்த வகை வேண்டுமென்றால் செலவு கூடும். அம்மாவுக்கு இதை விளக்கியதும், "அந்தப் புள்ள உசுருக்குன்னா ஃபேனு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் எங்களுக்கு லைன் இருக்கும்போதும் அது அணைந்துகொண்டிருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து எங்கள் வீடு கடைசி போஸ்ட். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரம் வோல்டேஜ் அடிமட்டத்துக்கு இறங்கும்; இன்வெர்ட்டர் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கரண்டுக்கும் கடைமடை உண்டு என்று அன்றுதான் புரிந்தது. லைன்மேன் வந்து, சுமை குறைவான வேறொரு ஃபேஸ் கம்பிக்கு எங்கள் இணைப்பை மாற்றிக் கொடுத்தார். டீகூடக் குடிக்காமல் போனார். இப்போது பெரும்பாலும் ஓடுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய காரியம் செய்யத் தெரிந்த மாநிலத்துக்கு, ஊர்க் கடைசியில் இன்னொரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் நட முடியாதா என்ற ஏக்கம் எனக்கு இருக்கிறது.

போனைப் பொறுத்தவரை நல்ல செய்தியே அதிகம். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரில் போன் வழியே பணம் அனுப்புகிற பேநவ்வையும் நம் யுபிஐ-யையும் இணைத்தார்கள். அன்று முதல் அம்மா செலவுக்கு அனுப்பும் பணம் சில நொடியில் போய்ச் சேருகிறது. கீரைக்காரம்மா கூடையில் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். சிரமப்பட்டது நான்தான். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் என் இந்திய நம்பர் போய்விட்டது. வங்கிக் கணக்கின் ஓடிபி எல்லாம் அந்தச் செத்த நம்பருக்கே போகும். பாஸ்போர்ட்டோடு இரண்டு தடவை கிளைக்கு அலைந்தேன். கிளம்பும் முன்பே நம்பரை உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்று பக்கத்து ஊர்க் கண் பரிசோதனை மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் சோதித்துப் படம் எடுத்தார், டாக்டர் திரையில் வந்து பேசினார். கண்புரை ஆரம்பம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். மதுரைக்குப் போகாமலே முடிந்தது. இந்த முறைக்கு எங்கள் பக்கம் ஒரு பழைய வரலாறு உண்டு. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இருபது வருடம் முன்பே தேனியிலிருந்து சுற்றுக் கிராம மையங்களுக்குப் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நீண்டதூர வைஃபை போட்டுப் பார்த்தது. கடைசி ஊர்க் கிழவியின் கண்ணிலிருந்து யோசிக்கத் தொடங்கியதால்தான் அது நிலைத்தது என்று நான் நம்புகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சின்னையா 58 கிராமக் கால்வாயைக் காட்டக் கூட்டிப்போனார். வைகை அணையிலிருந்து எங்கள் வறண்ட காட்டுக்கு வரும் கால்வாய். அவர் வாலிபத்தில் கேட்டது. முடிந்து தண்ணீர் ஓடிப் பார்த்தபோது தலை நரைத்துவிட்டது. அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. இந்தக் கால்வாயின் வாய் உயரத்தில் இருப்பதால் 67 அடிக்கு மேல் ஏறினால்தான் தண்ணீர் எடுக்க முடியும். 66 அடியிலேயே வைகைக் கரைக்காரர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை போய்விடுகிறது, 69-ல் மூன்றாவது. அந்த இரண்டு மூன்று அடிக்குள்தான் எங்கள் கண்மாய்கள் நிரம்பியாக வேண்டும். அதுவும் எங்கள் கண்மாய் கடைசியில் இருக்கிறது. வழியில் மண் மேடிட்டு, கருவேலம் மண்டிக் கிடந்ததை அவர் கம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"மழைக்கு முந்தி இந்த ரெண்டு கிலோமீட்டர வெட்டிவிட்டாப் போதும்த்தா" என்றார்.

சிங்கப்பூர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. நேற்று போன் செய்தபோது அம்மா சொன்னாள்: எங்கள் தெரு வால்வுக்குக் குழி தோண்டியாகிவிட்டதாம். மேலத் தெருவில் இரண்டு வீட்டில் மோட்டாரைத் தாங்களாகவே கழற்றிவிட்டார்களாம். "இன்னும் பதினெட்டு வீடு இருக்கு பாப்பா" என்றாள்.