டெர்பியில் சொந்த அக்ரிகேட்: மெர்ஜ் மெத்தடைப் பாருங்கள்

சம், ஏவரேஜ், மேக்ஸ் போதாமல் எல்லா வரிகளையும் அப்ளிகேஷனுக்கு இழுத்து லூப்பில் கணக்குப் போடுகிறவர்களுக்கு, ஜாவாவில் எழுதப்பட்ட டேட்டாபேஸான அப்பாச்சி டெர்பி தரும் வசதி, அதாவது பல வரிகளை ஒரே விடையாகச் சுருக்கும் அக்ரிகேட்டை நாமே எழுதிக்கொள்வது, உண்மையிலேயே உருப்படியானது. 10.10 வெர்ஷனிலிருந்து உண்டு. அதற்கு முந்தைய வெர்ஷனில் உருவான டேட்டாபேஸ் என்றால், முதலில் முழு அப்கிரேட் செய்துவிட வேண்டும்.

பெருக்குச் சராசரியை (ஜியோமெட்ரிக் மீன்) எடுத்துக்கொள்வோம். நாம் எழுதும் ஜாவா கிளாஸ் பின்பற்ற வேண்டிய அக்ரிகேட்டர் இன்டர்ஃபேஸில் நான்கே மெத்தட். இனிட்டில் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் பூஜ்யம். அக்குமுலேட்டில் மதிப்பின் லாகைக் கூட்டி, எண்ணிக்கையில் ஒன்று ஏற்ற வேண்டும். நல் (மதிப்பே இல்லாதது) வந்தால் தாண்டிப் போகும்படி எழுதிவிடுங்கள். மைனஸ் மதிப்பின் லாக் நேன் (எண்ணே அல்லாத விடை) ஆகி அந்த குரூப்பின் விடையையே கெடுத்துவிடும் என்பதால், அங்கேயே எக்செப்ஷன் எறிவது நல்லது. டெர்மினேட்டில் எண்ணிக்கை பூஜ்யமானால் நல். இல்லையென்றால் கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்து எக்ஸ்போனென்ட் எடுத்துத் திருப்பலாம்.

நான்காவதான மெர்ஜில்தான் பலர் சறுக்குகிறார்கள். குரூப் பை செய்யும்போது சார்ட் மெமரிக்குள் அடங்காவிட்டால் டெர்பி பாதிக் கணக்கை டிஸ்கில் எழுதிவிட்டு, ஒரே குரூப்பின் துண்டுகளைப் பிறகு மெர்ஜால் இணைக்கும். மெர்ஜைக் காலியாக விட்டாலும் சின்ன டேபிளில் விடை சரியாகவே வரும். பெரிய டேபிளில் எர்ரர் ஏதும் காட்டாமல் தப்பாகும். ஆகவே டேட்டாவை இரண்டாகப் பிரித்து, இரண்டு ஆப்ஜெக்ட்டில் ஏற்றி, மெர்ஜ் செய்து, மொத்தமாக ஏற்றிய விடையோடு ஒப்பிடும் யூனிட் டெஸ்ட் கட்டாயம் வேண்டும். இன்டர்ஃபேஸ் சீரியலைசபிள், அதாவது ஆப்ஜெக்ட்டைப் பைட்டுகளாக எழுதி மீட்கத்தக்கது, ஆனதும் இதே டிஸ்க் காரணத்தால்தான். உள்ளே வைக்கும் ஃபீல்டுகளும் அப்படியே இருக்கட்டும்.

பதிவு செய்வது சுலபம்: கிரியேட் டெர்பி அக்ரிகேட், பெயர், ஃபார் டபுள், எக்ஸ்டர்னல் நேம், கிளாஸின் முழுப்பெயர். ரிட்டர்ன்ஸ் கொடுக்காவிட்டால் உள்ளே வரும் டைப்பே வெளியேயும். கிளாஸ் பப்ளிக்காக இருக்க வேண்டும், ஆர்க்யுமென்ட் இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் வேண்டும். ஜார் கிளாஸ்பாத்தில் இருந்தால் போதும்; டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்க விரும்பினால் இன்ஸ்டால் ஜார் புரொசீஜரை ஓட்டி, டெர்பி டேட்டாபேஸ் கிளாஸ்பாத் பிராப்பர்ட்டியிலும் அந்த ஜாரின் பெயரைச் சேருங்கள். கிரியேட் ஓடியதோடு நிறுத்தாமல் ஒரு செலக்ட்டும் ஓட்டிப் பாருங்கள். எஸ்கியூஎல் ஆத்தரைசேஷன் போட்டிருந்தால் மற்ற யூசர்களுக்கு யூசேஜ் கிராண்ட் தர வேண்டும்.

பெரிய குறை, ஒரே ஆர்க்யுமென்ட்தான். விலையையும் அளவையும் சேர்த்து எடையிட்ட சராசரி காண, இரண்டையும் ஒரே யூசர் டிஃபைன்ட் டைப்பில் பொதிந்து அனுப்பும் சுற்றுவழிதான் உண்டு. அந்தத் தேவை அடிக்கடி வருமென்றால் எச்2 என்ற இன்னொரு ஜாவா டேட்டாபேஸே மேலானது: அங்கே பல ஆர்க்யுமென்ட்கள் ஆட் மெத்தடுக்கு ஒரே அர்ரேயாக வந்து சேரும், மெர்ஜும் எழுத வேண்டாம்.