எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி: பழைய நகரக் கல்லூரியா, புது மாவட்டக் கல்லூரியா?

கவுன்சலிங்கில் என் ரேங்குக்கு இரண்டு வழி இருந்தது. சென்னையில் ஒரு பழைய அரசுக் கல்லூரி, இல்லாவிட்டால் பிஜி (முதுநிலை) சீட் வந்து கொஞ்ச வருஷமே ஆன ஒரு மாவட்ட அரசுக் கல்லூரி. நான் மாவட்டத்தை எடுத்தேன். எம்.எஸ். முடித்துவிட்ட இந்த நேரத்தில் ஜூனியர்கள் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன், ஆனால் எல்லா மாவட்டக் கல்லூரிக்கும் சேர்த்துச் சொல்ல மாட்டேன்.

முதலில் வீட்டில் பயப்படும் விஷயம். பட்டம் இரண்டுக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தருவதுதான், கேள்வித்தாளும் அதேதான், மூன்று வருஷமும் அதேதான். 2023 விதிகள் வரும்வரை முதல் பேட்சில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஆரம்பத்தில் கோர்ஸுக்கு அனுமதிதான் இருந்தது, அங்கீகார ஆய்வு அந்த பேட்ச் தேர்வு எழுதும் சமயத்தில் நடந்தது. அதனால் முடித்தபின் பட்டத்தைப் பதிவு செய்வதில் அப்போது கொஞ்சம் அலைச்சல் இருந்தது. அவ்வளவுதான்.

பழைய கல்லூரியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, 1938-ன் ஸ்டான்லி மாதிரி இடங்களில் சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ (வயிறு, குடல் ஆபரேஷன்), பிளாஸ்டிக், யூராலஜி எல்லாம் தனித்தனித் துறையாக இருக்கின்றன. எம்.எஸ்.-க்கு மேல் எம்.சிஎச். என்ற சிறப்புப் படிப்புக்குப் போவது என்று மனதில் உறுதியாக இருந்தால், கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் மாதிரி பெரிய ஆபரேஷனைப் பக்கத்தில் நின்று பார்க்க அங்கே போவதுதான் சரி. தேர்வுக்கும் அங்கேதான் வசதி. செய்முறைத் தேர்வில் நோயாளியைப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸ், ஷார்ட் கேஸுக்கு வேண்டிய தைராய்டு, மார்பகக் கட்டி, வெரிகோஸ் வெயின் எல்லாம் வார்டிலேயே இருக்கும், கேஸ் பிரசன்ட் பண்ணச் சொல்லித் திருத்த சீனியர் பிஜிக்கள் வரிசையாக இருப்பார்கள். எங்களுக்கு அந்த வரிசையே கிடையாது. சர்ஜன்கள் சங்கமான ஏ.எஸ்.ஐ. பிஜிக்களுக்கு நடத்தும் சி.எம்.இ. பயிற்சி வகுப்புகளுக்கு பஸ் ஏறிப் போய்த்தான் சமாளித்தோம்.

ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு டியோடினல் பெர்ஃபரேஷன் (சிறுகுடலின் தொடக்கத்தில் ஓட்டை) வருகிறது, அதை யார் செய்கிறார்கள்? என்னைப் பொறுத்தவரை சீட்டை முடிவு செய்ய வேண்டியது இந்த ஒரு கேள்விதான். பெரிய கல்லூரியில் அந்த கேஸுக்கு மேலே அசிஸ்டன்ட் புரொஃபசர், ஃபைனல் இயர், செகண்ட் இயர் என்று கைகள் நிற்கும். முதல் வருஷம் நீங்கள் ரத்தத்துக்கு ஓடுவீர்கள், சி.டி. ரிப்போர்ட் வாங்குவீர்கள், ரிட்ராக்டர் பிடிப்பீர்கள். என் யூனிட்டில் அந்த ராத்திரியில் இருப்பது அசிஸ்டன்ட் புரொஃபசரும் நானும்தான். அதனால் வயிற்றைத் திறப்பது, ஓட்டையைக் கண்டுபிடிப்பது, ஓமெண்டத்தை (வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை) வைத்து மூடுவது, கழுவி, கசிவு வெளியே வர ட்ரெயின் குழாய் வைப்பது எல்லாம் சீக்கிரமே என் கைக்கு வந்தது, அவர் எதிரே நின்று ஒவ்வொரு தையலையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ரவுண்ட்ஸில் அந்த ட்ரெயினில் என்ன வருகிறது என்று பதறிப் பார்ப்பதும் நான்தான். அந்தப் பதற்றம் கற்றுக்கொடுத்ததை எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்கவில்லை. நகரத்து பிஜிக்களை மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி திட்டத்தின் நோக்கமே இந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான். எங்களுக்கு மூன்று வருஷமும் அதுதான். நெடுஞ்சாலை ஓரத்து ஊர் என்றால் 108-ல் வரும் விபத்து கேஸ்களும் சேரும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எதிரே நிற்க ஆள் இல்லாமல் கேஸ் மட்டும் கிடைத்தால் தப்பான பழக்கம் கையில் ஏறிவிடும், நோயாளிக்கும் அநியாயம். புது இடங்களில் ஆசிரியர்கள் டிரான்ஸ்ஃபரில் போய்விடுவார்கள், உங்கள் தீசிஸ் கைடே நடுவில் மாறலாம். ராத்திரியில் மயக்க மருத்துவரோ ரத்த வங்கியோ இல்லாவிட்டால் கஷ்டமான கேஸ் எல்லாம் ரெஃபர் ஆகி, ஹெர்னியாவும் ஹைட்ரோசீலும் சர்க்கரைக் கால் புண்ணும்தான் மிஞ்சும். லேப்ராஸ்கோப்பியில் எந்தப் பக்கம் கை ஓங்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, அது யூனிட் சீஃபைப் பொறுத்தது. தனியார் கல்லூரிகளில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்விடுங்கள். டீன் ஆபீஸை விட்டுவிட்டு நைட் டூட்டி பிஜியைத் தேடிப் பிடியுங்கள். போன மாதம் எமர்ஜென்சி தியேட்டரில் என்னென்ன கேஸ் நடந்தது, எது ரெஃபர் ஆனது, சர்ஜன் என்று யார் பெயர் எழுதினார்கள், அசிஸ்டன்ட் புரொஃபசர் ஸ்க்ரப் பண்ணி நின்றாரா அல்லது போனில் சொன்னாரா என்று கேளுங்கள். போனில் சொன்னார் என்ற பதில் அடிக்கடி வந்தால், சென்னை சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.