விடுதிக்காரர் விற்கும் சாகசப் பேக்கேஜ்: முன்பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

சாகச விளையாட்டுக்கென்றே விடுமுறையில் கிளம்புவோர் கூடக் கூட, 'தங்கலும் சாகசமும் சேர்த்து' என்று விற்கும் விடுதிகளும் பெருகிவிட்டன. அந்தச் 'சேர்த்து' என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல விடுதிகளுக்குச் சொந்தமாக ராஃப்டும் (ஆற்றில் ஓட்டும் காற்றடைத்த படகு) கிடையாது, கைடும் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு, அன்றைக்கு யார் குறைத்துக் கேட்கிறாரோ அவரிடம் ஆட்களை ஒப்படைத்துவிடுவார்கள். ராஃப்ட் கவிழ்ந்து கை முறிந்தால் "அறை கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது" என்பார் விடுதிக்காரர். "எங்களிடம் நீங்கள் புக் செய்யவே இல்லையே" என்பார் ராஃப்ட்காரர். ரசீதிலோ விடுதியின் பெயர் மட்டும்தான் இருக்கும். சாகசத்தை நடத்துபவர் யார், உரிமம் உண்டா, காப்பீடு உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். "வாங்க, வந்து பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

அடுத்தது தூரம். பாராகிளைடிங்கில் புதியவர்களுக்குக் காலையும் மாலையும்தான் பெரும்பாலும் ஏற்ற நேரம். உச்சி வெயிலில் வெப்பக்காற்று மேலெழும்பி, தலைக்கு மேல் விரிந்த துணி இறக்கையை உலுக்கும். 'மிக அருகில்' என்று விளம்பரம் செய்த விடுதி இரண்டு மணி நேரம் தள்ளி இருந்தால், மலையடிவாரம் சேர்வதற்குள் காலைக் காற்று போய்விடும். பிறகு "காற்று சரியில்லை, பணம் திரும்ப வராது" என்பார்கள். அதைவிட மோசம், அந்தக் காற்றிலேயே ஏற்றிவிடுவது. விடுதியிலிருந்து ஏறுமிடம் வரை வரைபடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

உயிருக்கே உலை வைப்பது பயணத் திட்டம்தான். காலையில் ஸ்கூபா (சிலிண்டரோடு கடலுக்கடியில் முக்குளிப்பது), மாலையில் விமானம் என்று போட்டிருப்பார்கள். ஒரே ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் கடைப்பிடிக்கும் கணக்கு. உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே பறக்கும்போது காற்றழுத்தம் குறைந்ததும் உடலுக்குள்ளேயே குமிழியாகிவிடும். காரில் மலை விடுதிக்கு ஏறினாலும் இதே ஆபத்து உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

மலையேற்றத்தில் ஓர் இரவைக் குறைத்து லாபம் பார்ப்பார்கள். உயரத்துக்கு உடல் பழக நேரம் வேண்டும்: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாளும் வேண்டும். பகலில் எட்டிய சிகரத்தை விட்டுவிட்டு, ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

கருவிகளைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டியபின் தோள்பட்டையில் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அளவு தவறு. ஸ்கூபாவில் அழுத்தமானியைப் பார்த்தபடியே மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. ஆற்றில் வேகநீரை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். ரசீதில் 3 என்று இருந்தாலும், மழைக்குப் பின் நீர் ஏறினால் அதே இடம் 4 ஆகிவிடலாம். அன்றைய நீர்மட்டத்துக்கு என்ன தரம் என்று கைடிடமே கேளுங்கள்.

'விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று கையெழுத்து வாங்கும் தாளைக் கருவி மாட்டியபின் அவசரமாக நீட்டுவார்கள். முந்தின நாளே விடுதியில் கேட்டு வாங்கிப் படித்து, படம் எடுத்து வையுங்கள். உங்கள் பயணக் காப்பீட்டையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்: சாதாரணக் காப்பீடுகள் பலவற்றில் இந்த விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஆழத்துக்கும் உயரத்துக்கும் வரம்பு இருக்கும்.