ஆறடி இரண்டு அங்குலமும் ஓ.எம்.ஆர். நெரிசலும்: உயரமானவர் எந்த ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கலாம்?

என் உயரம் 188 சென்டிமீட்டர், அதாவது ஆறடி இரண்டு அங்குலம். கவட்டிலிருந்து குதிகால் வரை மட்டும் 90 சென்டிமீட்டர் வரும். சென்னை அடையாறிலிருந்து ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை வழியே சிறுசேரி சிப்காட் வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தூரத்தை வாரத்தில் ஐந்து நாள் வண்டியில்தான் கடக்கிறேன். மத்திய கைலாஷ் தொடங்கி சோழிங்கநல்லூர் வரை, மாதவரம் - சிறுசேரி மெட்ரோ வழித்தடத்துக்கான பணிகளால் சாலை ஆங்காங்கே குறுகிவிட்டதால், காலை ஒன்பது மணிக்கு இந்தப் பாதையில் இரண்டாவது கியரைத் தாண்டும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. இப்படிப்பட்ட பாதைக்கு ஸ்போர்ட்ஸ் பைக் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) மாமல்லபுரம் வரை போய்வரும் ஆசையை விட்டுவிட எனக்கு மனமில்லை. இரண்டு வண்டி வைத்துக்கொள்ள இடமும் இல்லை. ஆகவே ஒரே வண்டி இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்ற கணக்கோடு ஷோரூம்களுக்குப் போனேன்.

முதல் ஷோரூமிலேயே, "சார், உங்க ஹைட்டுக்கு எந்த வண்டியும் செட் ஆகும், கால் சூப்பரா எட்டுது" என்றார் விற்பனையாளர். நம் ஊரில் வண்டி பார்க்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியே கால் தரையில் எட்டுகிறதா என்பதுதான். அதனால் சீட் உயரத்தைச் சொல்லும் எண்ணுக்கு இருக்கும் மதிப்பு வேறெதற்கும் இல்லை. நான் பார்த்த நான்கு வண்டிகளின் சீட் உயரமும் 800 முதல் 824 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அவை எல்லாவற்றிலும் என் இரண்டு பாதங்களும் குதிகாலோடு தரையில் படிந்தன. உயரமானவருக்குத் தொல்லை தொடங்குவது காலைத் தரையிலிருந்து எடுத்து ஃபுட்ரெஸ்ட்டில் வைக்கும் நொடியில்தான். சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையிலுள்ள தூரம் குறைவாக இருந்தால், நீண்ட கால் மடிவதற்கு இடமில்லாமல் முழங்கால் மேலேறி வந்துவிடும். சீட் உயரத்தை எல்லா விளம்பரத் தாளிலும் அச்சிடுகிறார்கள், ஆனால் இந்தத் தூரத்தை எந்தத் தாளிலும் நான் கண்டதில்லை.

முழங்கால் மேலேறுவதன் விளைவு முழங்காலோடு நிற்பதில்லை என்பதை நான் முன்பு ஓட்டிய ஒரு வண்டியில் இரண்டு ஆண்டுகள் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். டேங்கின் இருபுறமும் முழங்கால் பொருந்துவதற்காகக் குழிவு கொடுத்திருப்பார்கள். சராசரி உயரமுள்ளவரின் முழங்கால் அதில் கச்சிதமாக உட்காரும். என் முழங்கால் அந்தக் குழிவைத் தாண்டி முன்னே போய், வண்டியின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் உறையான ஃபேரிங்கின் பிளாஸ்டிக் விளிம்பில் இடித்தது. டேங்கைத் தொடையால் இறுக்கிப் பிடிக்க முடியாமல் போனால், பிரேக் பிடிக்கும்போது முன்னே சரியும் உடம்பின் பாரம் முழுவதையும் மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். உயரமானவருக்கு மேலுடம்பும் நீளம், அதற்கேற்ற எடையும் அதிகம். ஈ.சி.ஆரில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்று மார்பைத் தாங்கிப் பிடிப்பதால் கையின் பாரம் குறைந்துவிடும். பெருங்குடியில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது அப்படித் தாங்கக் காற்றே இல்லை. ஸ்போர்ட்ஸ் பைக் நகரத்தில் ஏன் வலிக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த முதற்காரணம் இதுதான். உடற்பயிற்சி செய்தால் பழகிவிடும் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

எனவே இந்த முறை ஒரு வழி வகுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஷோரூமிலும் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, ஹெல்மெட்டையும் அலுவலகப் பையையும் போட்டுக்கொண்டு, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்தேன். உடன் வந்த தம்பி பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தான். வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை மடிக்கணினியில் பெரிதாக்கி, மகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியைத் திரைமேல் வைத்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சேரும் கோணத்தை அளந்தேன். செங்கோணத்துக்கு மிகவும் கீழே போன வண்டியில்தான் ஆறாவது நிமிடத்திலேயே கெண்டைக்கால் மரத்துப்போனது என்பதைப் படமும் உடம்பும் ஒன்றாகச் சொன்னபோது, இந்த முறையின்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

யமஹா ஆர்15 வி4 வண்டியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதன்மேல்தான் ஆசை அதிகம் இருந்தது. 155 சிசி எஞ்சின், 140 கிலோவைச் சற்றே தாண்டும் எடை, மென்மையான கிளட்ச் என்று நெரிசலுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் இடது, வலது என இரண்டு தனித் துண்டுகளாக முன் ஃபோர்க்கில் பொருத்தும் கிளிப்-ஆன் ஹேண்டில் தாழ்ந்தும், ஃபுட்ரெஸ்ட் உயர்ந்தும், பின்தள்ளியும் இருக்கும் அமைப்பு, பந்தயத் தடத்தில் வளைவுகளில் சாய்வதற்காகத் திட்டமிட்டே வடிவமைக்கப்பட்டது. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இந்த விலையில் எனக்குத் தெரியாது. ஐந்தடி எட்டு அங்குலம் வரை உள்ளவர் தாராளமாக வாங்கலாம். ஆறடியைத் தாண்டியவருக்கு நெரிசல் நேரத்தில் அது ஏற்றதன்று.

கேடிஎம் ஆர்சி 390 அதன் 2022-ஆம் ஆண்டு வடிவத்தில் முந்தையதைவிட இடவசதி கூடி வந்திருக்கிறது. ஹேண்டிலை 10 மில்லிமீட்டர் வரை உயர்த்தி இறக்கிக்கொள்ளலாம், 13.7 லிட்டர் டேங்க் இருப்பதால் தொடைக்கும் பிடிமானம் கிடைக்கிறது. 373 சிசி எஞ்சினின் 43.5 குதிரைத்திறன் ஞாயிற்றுக்கிழமைக்கு விருந்து. திங்கட்கிழமைக்கு அந்த விருந்து வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, 350 சிசியைத் தாண்டும் வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் மேல்நிலைப் படியில்தான் வரும். 2022-இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்று பிரிந்துவிட்டது. அலுவலகம் போய்வரும் வண்டிக்கு இந்த 350 என்ற கோட்டைத் தாண்டாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது. 800 மில்லிமீட்டர் சீட், 161 கிலோ எடை, 249 சிசி எஞ்சின். அந்த எஞ்சினை ஆயிலே குளிர்விப்பதால், ரேடியேட்டரும் அதன் விசிறி காலில் ஊதும் அனலும் இல்லை. சென்னையின் மே மாதத்தில் சிக்னலில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். கிளிப்-ஆன் சற்று உயர்ந்தே இருப்பதால் முதுகை அதிகம் வளைக்க வேண்டியதில்லை. இதன் பெயரில் ஸ்போர்ட்ஸ் இருந்தாலும் சுபாவம் நெடுந்தூரப் பயணியுடையது. ஆறடி வரை உள்ளவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பது இதைத்தான். என் முழங்கால் மட்டும் டேங்க் குழிவுக்கு இரண்டு விரற்கடை வெளியே நின்றது.

கடைசியில் நான் வாங்கியது டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. ஓசூரில் உருவாகும் இந்த வண்டி 2017 டிசம்பரில் அறிமுகமானது. எஞ்சின் 312.2 சிசி, சீட் உயரம் 810 மில்லிமீட்டர், எடை 174 கிலோ. இதன் எஞ்சினில் சிலிண்டர் வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். காற்று முன்புறமாக நுழைந்து, புகை பின்புறமாக வெளியேறும். ஃபேரிங் அகலமானது, டேங்க் நீளமானது, சீட்டில் பின்னுக்குத் தள்ளி உட்கார இடமும் இருக்கிறது. நான்கு வண்டிகளில் இதில் மட்டுமே என் முழங்கால் குழிவுக்குள் முழுதாக அடங்கியது. அது அடங்கிய உடனே தொடையால் டேங்கைப் பற்ற முடிந்தது, கையிலிருந்த பாரம் இறங்கியது. பாகைமானியிலும் இந்த வண்டியின் கோணம்தான் விரிந்ததாக வந்தது.

நெரிசலில் பேருதவியாக இருப்பது இந்த வண்டியின் கிளைடு த்ரூ என்ற வசதி. 2020-ஆம் ஆண்டு வடிவத்தில் வந்த இதன்படி, முதல் கியர்களில் கிளட்ச்சை மெல்ல விட்டாலே, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், எஞ்சின் அணையாமல் வண்டி தானே நகரும். துரைப்பாக்கத்தில் பத்தடி நகர்ந்து, நின்று, மீண்டும் பத்தடி நகரும்போது வலது மணிக்கட்டுக்கு முழு ஓய்வு. மழை, நகரம், ஸ்போர்ட், டிராக் என நான்கு ஓட்டுமுறைகள் உள்ளன. முதல் இரண்டில் எஞ்சின் ஆற்றலைக் குறைத்தே தருகிறது. அலுவலக நாட்களில் நான் நகர முறையை மாற்றுவதே இல்லை. தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால், பெயர் தெரியாத யாரோ கட்டிவைத்த வேகத்தடைகளைக்கூட வயிறு தட்டாமல் கடக்க முடிகிறது.

இந்த வகை வண்டி எதுவாக இருந்தாலும் உயரமானவர் ஏற்றுக்கொள்ள வேண்டிய சில குறைகள் உண்டு. ஹேண்டில் டேங்கில் இடிக்காமலிருக்க அதன் திருப்பம் குறைவாகவே வைக்கப்படுவதால், இந்திரா நகர் பக்கத்து யூ டர்னில் ஒரே வீச்சில் திரும்ப முடியாது. முழுதாகத் திருப்பும்போது ஹேண்டில் முனை நம் முழங்காலைத் தேடி வரும், முழங்காலை வெளியே விரித்துக்கொள்ளப் பழக வேண்டும். ஃபேரிங்கில் பொருத்திய கண்ணாடிகளில் பாதி நம் முழங்கையே தெரிகிறது. பின்னே வரும் தண்ணீர் லாரியைப் பார்க்க முழங்கையை உள்ளே ஒடுக்க வேண்டியிருக்கிறது, இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் டெஸ்ட் ரைடிலேயே கவனியுங்கள். பின்னால் மனைவியோ நண்பரோ தினமும் வருவார்கள் என்றால், உயர்ந்து குறுகிய அந்தப் பின் சீட்டில் முதலில் அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். ஃபேரிங்கே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அதே எஞ்சினோடு அகன்ற ஹேண்டில் கொண்ட அப்பாச்சி ஆர்டிஆர் 310 இருக்கிறது. வாரம் முழுக்க நகரம், ஞாயிறும் நகரம் என்றால் அதுவே போதும்.

வண்டியை எடுக்கும் நாளில் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, லீவர்களைத் தன் உடம்புக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளாமல் யாரும் வெளியே வரக்கூடாது. என் ஷூ அளவு 11. கியர் லீவர் இருந்த நிலையில் ஷூவின் முனை அதன் அடியில் நுழையாமல், கியர் ஏற்ற ஒவ்வொரு முறையும் கணுக்காலைத் திருக வேண்டியிருந்தது. மெக்கானிக் ஸ்பானரோடு குனிந்து, லீவரை இணைக்கும் கம்பியின் நட்டைத் தளர்த்தி, சில சுற்றுகள் திருப்பி, லீவரை ஒரு விரல் அகலம் மேலே ஏற்றினார். கிளட்ச், முன் பிரேக் லீவர்கள் இரண்டையும் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பச் சொன்னேன். உயரத்திலிருந்து இறங்கும் முன்கையும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் மணிக்கட்டு மடியாது. பின் பிரேக் பெடலையும் அதே கையோடு ஷூவுக்கேற்ப இறக்கிக்கொண்டேன். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஐந்து மாதமாகச் சிறுசேரி போய்வருகிறேன், மாலையில் வீட்டு வாசலில் இறங்கும்போது கெண்டைக்கால் மரத்துப்போவதில்லை.